தாழ்ப்பாள் கம்பெனியில் ஒரே பாஸ்வேர்டு

அந்தக் கம்பெனியில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பதில் ஒன்றுதான்: "அக்காவைக் கேளு." தகடு வந்துவிட்டதா, நாலு இன்ச் கீல் எந்த அலமாரியில் இருக்கிறது, கட்டடக்காரருக்குப் போன தடவை அனுப்பியது பித்தளையா இரும்பா, வெளியே நிற்கிற லாரிக்காரருக்கு டீ கொடுத்தாயிற்றா, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வந்து சொல்வாள். கதவுக்கு வேண்டிய கீல், தாழ்ப்பாள், கொண்டி செய்கிற கம்பெனி அது. அதன் வாசல் கதவுத் தாழ்ப்பாள் மட்டும் பல வருஷமாக ஒழுங்காக விழுவதில்லை. அது வேறு கதை.

அக்கா என்பது வயசுக்காக வந்த பெயர் என்று நினைக்க வேண்டாம். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பார்க்கிறவர் அவளைவிட மூத்தவர்; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளியும் அப்படித்தான். அவருடைய அப்பா காலத்தில் டைப் அடிக்க வந்து சேர்ந்தவள். இப்போது உற்பத்தித் திட்டப் பொறுப்பாளர் என்று கழுத்தில் அட்டை தொங்குகிறது. அதை யாரும் படித்ததில்லை. கனத்த உடம்பு, வேகமான நடை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, கைக்கொன்றாக இரண்டு ஃபோன். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றது அடிக்கும். அவள் கணவர் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் ஒருமுறை சொன்னார்: "நீ குளிக்கப் போறப்ப மட்டும்தான் உன்கிட்ட பேச எனக்கு வாய்ப்பு கிடைக்குது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பேசிக்கறேன்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் குளியலறைக்குள்ளும் ஃபோனை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

இதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்த காலமும் உண்டு. பொய் சொல்வானேன், ரொம்பவே பெருமையாக இருந்தது. தங்கையின் முதல் ஆபரேஷன் வரைக்கும் அது நீடித்தது.

தங்கை வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாக்கு மட்டும் சாணை பிடித்த மாதிரி இருக்கும். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது காலை மாற்றிய அன்று அக்கா போயிருந்தாள். போயிருந்தாள் என்று வேண்டுமானால் சொல்லலாம், கூட இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சிக்னல் கிடைக்கிற ஜன்னலாகப் பார்த்து நின்றுகொண்டு, "மூணாவது ரேக், கீழ்த் தட்டு, நீல டப்பா. அது இல்ல, அதுக்குப் பின்னாடி" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது தங்கை கண்ணைத் திறந்து பார்த்தது அக்காவின் முதுகைத்தான்.

வலது காலுக்குப் பல மாதம் தள்ளித் தேதி குறித்ததும் தங்கையே ஃபோன் செய்தாள்.

"வர்றதா இருந்தா ஃபோன் இல்லாம வா. ஃபோனோட வர்றதா இருந்தா வரவே வராத. நர்ஸுங்க இருக்காங்க, பாத்துக்குவாங்க."

"ஏண்டி இப்படிப் பேசற?"

"உன் முதுகைப் பாக்கறதுக்கு நான் எதுக்கு மயக்கத்துலேருந்து எழுந்திரிக்கணும்?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்கா மறுநாள் காலையில் முதல் வேலையாக இரும்புப் படியேறி மாடியிலுள்ள கண்ணாடி அறைக்குப் போய், முதலாளியிடம் ஒரு மாதம் லீவு கேட்டாள்.

"ஒரு மாசமா? அக்கா, நீங்க பாங்குக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ளயே இங்க யாருக்கும் கையும் ஓடல காலும் ஓடல. புது சிஸ்டம் ஓட ஆரம்பிக்கட்டும். அப்புறம் ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் போங்க."

சிஸ்டம் என்று அவர் சொன்னது ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரை. ஆர்டர் வாங்குவதிலிருந்து லாரி ஏற்றுவது வரை எல்லாப் பிரிவும் ஒரே கம்ப்யூட்டர் கணக்கில் வந்துவிடும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும் என்பது அதன் வாக்குறுதி. அக்காவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றே போதும். ஆனால் இதற்கு முன் இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் குப்புற விழுந்த கம்பெனி அது. முதல் தடவை டை கட்டிய ஒரு கூட்டம் வந்து, சுவரில் படம் படமாகக் காட்டிவிட்டு, ஸ்டோர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அடுத்த தடவை பொறுப்பெடுத்தவர் முதலாளியின் மச்சான். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத சாமானையெல்லாம் 'இதர' என்று போட்டார். கொஞ்ச நாளில் கம்பெனியே 'இதர'வுக்குள் போய்விட்டது. கடைசியில் மச்சானும் போய்விட்டார்.

இந்தத் தடவை அக்காவையே திட்டத்துக்குத் தலைவியாகப் போட்டார்கள். கூடவே வெளியிலிருந்து ஒரு சாஃப்ட்வேர்காரர் வந்தார். முன்வழுக்கை, சாப்பாட்டுக் கேரியர், யார் கத்தினாலும் குரல் உயராத சுபாவம். அவரை எல்லோரும் 'சாஃப்ட்வேர்' என்றே கூப்பிட்டார்கள். "சாஃப்ட்வேர் சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள்.

சாஃப்ட்வேர் வந்ததும் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே ஒரு பெயர் வேண்டும் என்றார். இதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேஜைமேல் ஒரு கீலை வைத்து, இது என்ன என்று கேட்டார். ஸ்டோரில் அதற்குப் பெயர் பட்டை. தகட்டை அழுத்திக் கீலாக வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு அது நாலு இன்ச் கனம். விற்பனையில் ஏழாம் நம்பர். முதலாளி அதை அப்பா டிசைன் என்பார். ஒரே கீல் நான்கு பெயரில் நான்கு இடத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஸ்டோரில் பட்டை மலைபோலக் குவிந்து கிடக்கும். ஏழாம் நம்பர் தீர்ந்துவிட்டது என்று வாடிக்கைக்காரரிடம் கையை விரிப்பார்கள். நாலும் ஒன்றுதான் என்பது அக்காவுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பாங்குக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வாடிக்கைக்காரர்கள் வருவார்கள்.

பெயர் வைக்கிற சண்டை மழைக்காலம் முழுக்க நடந்தது. ஏழாம் நம்பர் என்றே வைத்துவிடலாம் என்றால் ஸ்டோர்காரர் ஒப்பவில்லை. அவரிடம் வேறொரு ஏழாம் நம்பர் இருந்ததாம், ஜன்னல் கொக்கி. பட்டை என்று வைத்தால் விற்பனைக்குக் கௌரவக் குறைச்சல். அக்கா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்குப் பொறந்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பேரு வெக்கிறப்ப ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து நின்னுகூட இவ்வளவு சண்டை நடக்கலய்யா" என்றாள். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் சாமான் எண்ணுகிற நாள் வந்தது. அப்புறம் என்றதும் ஞாபகம் வருகிறது, டெஸ்பாட்ச்காரருக்குப் பட்டப்பெயரே 'அப்புறம்'தான். எதைச் செய்யச் சொன்னாலும், "அனுப்பிடலாம், அப்புறம் எழுதிக்கலாம்" என்பார். விடுமுறை நாளில் எல்லோரையும் வரவழைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொரு டப்பாவாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் பின்வாசல் திறந்திருந்தது.

"ஒரு அவசர ஆர்டர் அக்கா. ரெண்டு டப்பாதான் எடுத்துக் குடுத்தேன். எண்ணினதுலேருந்து அப்புறம் கழிச்சுக்கலாம்."

"எண்ணினதுலேருந்து எடுத்தீங்களா, எண்ணாததுலேருந்து எடுத்தீங்களா?"

அவர் யோசித்தார். யோசிப்பதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்த வரிசை முழுவதையும் முதலிலிருந்து எண்ண வைத்தாள். அன்று யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒருவழியாகச் சிஸ்டம் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேலைக்கு உரியவர் தன் பெயரில் உள்ளே போய், 'சரி' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். தகடு வந்தால் ஸ்டோர், கீல் செய்து முடித்தால் பிரஸ், லாரியில் ஏற்றினால் டெஸ்பாட்ச். ஒருவர் அழுத்தினால்தான் அடுத்தவருக்குத் திறக்கும். சுலபமான வேலை. அதைச் செய்யத்தான் ஒருத்தரும் முன்வரவில்லை.

காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் அப்பாவிடமிருந்து கம்பெனியோடு சேர்த்து ஒரு பழக்கமும் அவருக்கு வந்திருந்தது. எங்கேயாவது தப்பு நடந்தால் இரும்புப் படி அதிர இறங்கி வருவார். பிரஸ் ஹாலின் நடுவில் நின்று, "யாரு பண்ணது?" என்பார். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். யாரு பண்ணது, அவ்வளவுதான். ஆள் சிக்கிவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் வறுத்து எடுத்துவிடுவார். அதனால் அந்தக் கம்பெனியில் யாரும் எதையும் செய்வதே இல்லை. எல்லாம் தானாக நடக்கும். அச்சு உடைந்துவிடும், டப்பா மாறிவிடும், லாரி போய்விடும். இத்தனை வருஷம் இப்படிப் பிழைத்தவர்களைப் பார்த்து, நீ செய்ததற்கெல்லாம் உன் பெயரை நீயே போட்டுக்கொள் என்றால் எப்படி? வேலியில் போகிற ஓணானை எடுத்து யார் மடியில் விட்டுக்கொள்வார்கள்?

முதலில் அப்புறம்தான் வந்தார். "அக்கா, இந்த ஒரு தடவை நீங்க அழுத்திடுங்க. எனக்குச் சரியாத் திறக்க மாட்டேங்குது." அக்கா போய்த் தன் பெயரில் அழுத்திக் கொடுத்தாள். மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும். ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து அவளுக்குக் குதிகால் விட்டுப்போயிற்று. ஒருநாள் பொறுமை போய், "கம்பெனி பேரு, பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு. அதான் என் பாஸ்வேர்டு. போய் நீங்களே அழுத்துங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவள் செய்த தப்பு அதுதான். அப்புறத்திடம் சொன்னது அவரோடு நிற்கும் என்று நினைத்தாள். கம்பெனியின் எந்தச் சுற்றறிக்கையும் அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை.

சில நாளில் எல்லாம் தடங்கலில்லாமல் நடக்க ஆரம்பித்தது. தகடு வருகிறது, கணக்கில் ஏறுகிறது, கீல் போகிறது, பில் வருகிறது. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூரித்தார். அக்கா தங்கைக்கு ஃபோன் செய்தாள்.

"இந்தத் தடவை வர்றேன். சிஸ்டம் ஓடுது."

"எதுவோ ஓடட்டும். ஃபோன்?"

"வீட்லயே வெச்சுட்டு வர்றேன்."

"பாக்கலாம்" என்றாள் தங்கை. அந்தப் 'பாக்கலாம்' அக்காவை ஒரு வாரம் அரித்தது.

வெற்றியைக் கொண்டாட முதலாளி கேக் வாங்கி வந்தார். எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னார்கள். யார் யார் சிஸ்டத்தை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று சாஃப்ட்வேர் சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஆளுக்கு ஒரு கம்பம். அக்காவின் கம்பம் கூரையைத் தொட்டது. மற்றவர்கள் பெயருக்கு மேலே ஒன்றுமே இல்லை. சிலருக்கு ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி. சாஃப்ட்வேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உதாரணத்துக்கு ஒரு நாளை எடுத்துக் காட்டினார். அன்று அக்கா கேட்டில் நின்று தகடு இறக்கியிருக்கிறாள். அதே நேரத்தில் பிரஸ் ஓட்டியிருக்கிறாள். பேக்கிங் செய்திருக்கிறாள். தான் செய்த கீலைத் தானே சோதித்து, சரியில்லை என்று தானே தள்ளியிருக்கிறாள். அது அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் துணியை வைத்து அழுத்தியபடி வீட்டில் படுத்திருந்த நாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "பாத்தீங்களா, அக்கா வராத நாள்லகூட அக்காதான் எல்லாம். இவங்களை எப்படி ஒரு மாசம் விடறது?" என்றவர், சிரிப்பு அடங்குமுன் குரலைத் தாழ்த்தினார். "அந்த லீவைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா அக்கா?"

"லீவைத் தள்ளலாம் சார். முழங்காலைத் தள்ள முடியாது."

கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருட்டியது. முதலில் முதலாளிமேல் கோபம். அடுத்து, தின்றுகொண்டே சிரித்த அத்தனை பேர்மேலும். தன் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் முழுவதும் அவள்மேலேயே திரும்பியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, யாரும் எதையும் தானாகப் பார்க்காதபடி கெடுத்து வைத்தது யார்? இவள்தானே. கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஓடி, அதில் ஒரு சுகம் கண்டவளும் இவள்தானே.

சாஃப்ட்வேர் பின்னாலேயே இறங்கி வந்தார்.

"என் பேரை மூடிடுங்க" என்றாள்.

"மேடம், மூடினா எல்லாம் நின்னுடும்."

"நிக்கட்டும்."

"சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"திட்டத்துக்குத் தலைவி யாரு?"

"நீங்கதான்."

"அப்ப தலைவி சொல்றா, மூடுங்க. திங்கக்கிழமை காலையிலேருந்து என் பேர்ல யாரும் உள்ள போகக் கூடாது, என்னையும் சேத்து."

சாஃப்ட்வேர் தலையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் அவங்கவங்க பேரு ரெடியாத்தான் மேடம் இருக்கு. ஆரம்பத்துலேருந்தே இருக்கு. ஒருத்தரும் உள்ள வந்ததில்ல" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. கட்டடக்காரருக்குத் தாழ்ப்பாள் ஏற்றிப் போக லாரி வாசலில் நின்றது. வலப்பக்கம் திறக்கிற கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், இடப்பக்கம் திறக்கிற கதவுக்கு வேறொன்று. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அப்புறம் அக்காவின் மேஜைமுன் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பாஸ்வேர்டு வேலை செய்யல."

"தெரியும். உங்க பேர்ல போங்க."

"சரி, அது அப்புறம் பாத்துக்கலாம். கட்டடக்காரருக்கு வலதா இடதா?"

வலது. நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஸ்க்ரீன்ல இருக்கு, பாருங்க" என்றாள்.

"நீங்க சொன்னா ஒரு வார்த்தைல முடிஞ்சிடும்."

"அதான் தொல்லையே."

அவர் நகரவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பிரஸ் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் எதுவும் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கொடுமை என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. ஃபோன் இரண்டும் மேஜையில் துள்ளின, எடுக்கவில்லை. கடைசியில் அப்புறம் முனகிக்கொண்டே தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த தன் சொந்தப் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகத் தட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் 'சரி' என்று அழுத்தினார். லாரி கிளம்பிப் போனது.

அதே சமயம் இரும்புப் படி அதிர்ந்தது. "சிஸ்டம் செத்துப்போச்சு. எனக்கே திறக்கல. யாரு பண்ணது?" என்று முதலாளி இறங்கி வந்தார்.

சாஃப்ட்வேர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்களும் இவ்வளவு நாளா அக்கா பேர்லதான் உள்ள வந்துட்டிருந்தீங்க."

முதலாளியின் காதுமடல் சிவந்தது. எனக்கு அவசரத்துக்கு அதுதான் ஞாபகம் இருந்தது என்று ஏதோ சொல்லிக்கொண்டே மேலே போய்விட்டார். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பெனியின் சொந்தக்காரரே தன் கம்பெனிக்குள் இவள் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைந்திருக்கிறார்.

மத்தியானம் கட்டடக்காரர் கூப்பிட்டார். வந்தது முழுக்க இடதுகை தாழ்ப்பாள். மறுபடியும் இரும்புப் படி. இந்தத் தடவை வேகம் அதிகம், காலையில் பட்ட அவமானமும் அதில் சேர்ந்திருந்தது.

"யாரு பண்ணது?"

எப்போதும்போல எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அதனால் பயனில்லை, பெயர் ஸ்க்ரீனில் இருந்தது. அப்புறம் முன்னால் வந்தார். டப்பா மாறிடுச்சு சார் என்று சொல்ல வாயெடுத்தவர், ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "நான்தான் சார்" என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

முதலாளி மூச்சை இழுத்துக்கொண்டார். அக்கா எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சார், உங்க அப்பா காலத்துலேருந்து நான் இங்க இருக்கேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு ஆளு தன் பேரைப் போட்டு ஒரு தப்பு பண்ணிருக்காரு. இப்ப நீங்க இவரை வறுத்தா, நாளைக்கு எல்லாரும் திரும்ப என்கிட்டதான் வந்து நிப்பாங்க. அங்க என் தங்கச்சிக்கு ஆபரேஷன் நடக்கும். நான் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு வலதா இடதான்னு சொல்லிட்டிருப்பேன். என்னால முடியல சார். உண்மையாவே முடியல."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை. அவளுக்கே வெட்கமாக இருந்தது. முதலாளி இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதை விட்டார்.

"சரி. எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

பழக்கமில்லாத கேள்வி. டெஸ்பாட்ச்காரர் ஸ்க்ரீனை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "மேல் வரியைப் பாத்துட்டேன் சார். எழுத்து பொடிசா இருக்கு. கண்ணாடி கொண்டு வரல." சாஃப்ட்வேர் உடனே, வலதைப் பச்சையாகவும் இடதை மஞ்சளாகவும் பெரிதாகக் காட்டிவிடலாம், இன்றைக்கே செய்யலாம் என்றார். இவ்வளவுதான் விஷயம். இதற்காக எத்தனை வருஷம் இந்தப் படி அதிர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது அக்காவுக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

அதற்கப்புறம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் அது கதை. ஸ்டோர்காரர் இன்னமும் பட்டை என்றே தேடி, கிடைக்கவில்லை என்று புலம்பினார். முதலாளி தன் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டர்மேலேயே ஒட்டி வைத்திருந்தார்; அக்கா பார்த்தும் பார்க்காததுபோல வந்துவிட்டாள். "யாரு" என்று ஆரம்பித்து, விழுங்கி, "எப்படி" என்று அவர் முடிப்பது தினமும் நடந்தது. ஆனால் ஆளாளுக்குத் தன் பெயரில் அழுத்தினார்கள், தன் பெயரில் தப்பும் செய்தார்கள். சுவர்ப் படத்தில் கம்பங்கள் முளைத்தன. அக்காவின் ஃபோன் நடுநடுவே சும்மா கிடந்தது. லீவுக் கடிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற அன்று இரண்டு ஃபோனையும் கணவரிடம் கொடுத்தாள். "அடிச்சா எடுக்காதீங்க" என்றாள்.

"எடுத்தா என்ன? நாலு இன்ச் கீல் எந்த ரேக்ல இருக்குன்னு எனக்கும் மனப்பாடம்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா வெறுங்கையோடு வந்து இறங்கியதைத் தங்கை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுவே பெரிய பரிசாக இருந்தது. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு அட்மிஷன் மேஜைக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"அக்கா. கூடப் பொறந்தவ. என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளுங்க."

"எந்த மருந்தாவது இவங்களுக்கு ஒத்துக்காதா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"போன ஆபரேஷனுக்கு அப்புறம் எதாவது தொந்தரவு இருந்துச்சா? காய்ச்சல், வீக்கம்?"

வராந்தாவின் ஜன்னல்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"சுகர் இருக்கா?"

இதாவது தெரியும் என்று அக்கா நிமிர்ந்தாள். "அதெல்லாம் இல்ல" என்றாள்.

"இருக்கு" என்றாள் தங்கை, திரும்பாமலே. "அஞ்சு வருஷமா இருக்கு."

நர்ஸ் அதற்குமேல் அக்காவைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவளிடமே வரிசையாகக் கேட்டாள். தங்கை வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அக்கா பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அறைக்கு வந்து தங்கையைக் கட்டிலில் படுக்க வைத்த பிறகு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகே உட்கார்ந்தாள்.

"சுகர் வந்ததை ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. ஃபோன் பண்ணிச் சொன்னேன். 'ஒரு நிமிஷம் இரு, லாரி நிக்குது'ன்னு சொல்லிட்டுப் போன. நான் லைன்லயேதான் இருந்தேன். நீ வரல."

அக்காவுக்கு அந்த லாரி எது என்றுகூட ஞாபகம் இல்லை. எத்தனையோ லாரி. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என்ன மாத்திரை சாப்பிடற?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எனக்குத் தெரியாதுடி. அதான் கேக்கறேன்."

தங்கை போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"காலைல ரெண்டு" என்றாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி."